இடது இறக்கையின் அடியில் நீலக் கறை: டேங்கைப் பழுதுபார்ப்பதா, மாற்றிவிடுவதா?

வெண்சிறகு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பைப்பர் பி.ஏ.-18 சூப்பர் கப் என்னும் சிறு விமானம். துணி போர்த்திய இறக்கைகள், பக்கத்துக்கு ஒன்றாக 18 காலன் கொள்ளும் இரண்டு அலுமினிய பெட்ரோல் டேங்குகள். மூன்று வாரமாக இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், அடித்துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் கறை தெரிகிறது. பெட்ரோல் நிரப்பும்போது சிந்தியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். துடைத்துவிட்டு, டேங்கை விளிம்புவரை நிரப்பி, இரவு முழுவதும் ஹேங்கரில் விட்டுப் பார்த்தேன். காலையில் கறை திரும்பவும் வந்திருந்தது. தொட்டால் ஈரமில்லை. ஆனால் விமானத்தின் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை முகத்தில் அறைந்தது. டேங்க் பாதியாக இருக்கும் நாட்களில் கறை வளர்வதில்லை.

உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் கைவேலையை நானே செய்யப் போகிறேன். உள்ளே ஊற்றி உருட்டும் அடைப்புப் பசை போதும் என்கிறார் ஒரு நண்பர். வெல்டிங் செய்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். புது டேங்க் வாங்குவதே நல்லதா? துணியைக் கெடுக்காமல் டேங்கை வெளியே எடுப்பது எப்படி?

மூத்தகை

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியும்வரை அந்த விமானத்தைக் கிளப்பாதீர்கள். துணி இறக்கை என்பது மூடிய பெட்டி. உள்ளே விளக்குக்கான மின்கம்பிகள் ஓடுகின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே இறங்கி நீங்கள் உட்காரும் இடத்துக்குத்தான் வரும். உங்கள் முகத்தில் அறைந்தது அதுதான்.

சிறு விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருக்கிறார்கள். பெட்ரோல் ஆவியாகிவிடும், சாயம் தங்கிவிடும். அதனால்தான் ஈரமில்லாமல் கறை மட்டும் நிற்கிறது. கறை நிற்கும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கசிவு ஸ்பார் என்னும் இறக்கையின் நீளவாட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, பள்ளமான மூலையில் வந்து சொட்டும். பாதி டேங்கில் கறை வளரவில்லை என்று கவனித்தீர்களே, அது பெரிய உதவி. கசிவு மேல்பாதியில் இருக்கிறது. அடியில் உள்ள ஹோஸ் இணைப்பாக இருந்தால் பாதி டேங்கிலும் சொட்டியிருக்கும்.

பசை வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பழைய பசை ஊற்றிய டேங்க் ஒன்றைத் திறந்தபோது, உட்பூச்சு முழுவதும் பாம்புச் சட்டை போல உரிந்து, வெளியேறும் துளையில் இருக்கும் விரல் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பட்டால் சில பசைகள் கரைந்தே போகும். கசிவை அடைக்கப் போய், என்ஜினுக்குப் போகும் வழியை அடைத்துவிடுவோம்.

வெல்டிங் முடியாதது அல்ல. ஆனால் பெட்ரோல் வடித்த டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து தீப்பொறிக்குக் காத்திருக்கும். நீராவியால் கழுவி, ஆர்கான் போன்ற வாயுவை உள்ளே நிரப்பிச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். பழைய தகட்டில் ஒரு விரிசலை மூடினால் அடுத்த ஆண்டு பக்கத்திலேயே இன்னொன்று வரும். டேங்கை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எடுக்கும் முறை: பெட்ரோலை வடிப்பதற்கு முன்பே விமானத்தையும் வாங்கும் பாத்திரத்தையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மேல்மூடித் தகட்டின் ஸ்குரூக்களில் சில துருப்பிடித்துச் சுற்ற மறுக்கும். டிரில் போடாதீர்கள்; ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு மூலை சிக்கினால் ஸ்குரூ டிரைவரை இறக்கையின் குறுக்குச் சட்டமான விலாவில் ஊன்றி நெம்பும் ஆசை வரும். அந்த விலா மெல்லிய அலுமினியம், உடனே மடங்கிவிடும். எங்கே சிக்குகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு குழாய் இணைப்பின் முனைதான் தட்டிக்கொண்டு நிற்கும்.

வெளியே எடுத்ததும் அடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் என்னும் அழுத்திய கம்பளிப் பட்டைகளை உரித்துவிடுங்கள். ஃபெல்ட் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதன் அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். பொடியை நைலான் தூரிகையால் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போலக் குழிகள் தெரிந்தால் அந்த டேங்கின் காலம் முடிந்தது.

நூலிழை

துணியைப் பற்றி நான் சொல்கிறேன். பாலியெஸ்டர் துணியை பெட்ரோல் ஒன்றும் செய்யாது. கவலை எல்லாம் மேல்பூச்சையும், துணியைச் சட்டத்தோடு ஒட்டும் பசையையும் பற்றித்தான். கறை பட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பூச்சு வழுக்கிக்கொண்டு நகர்ந்தாலோ விளிம்பில் துணி சட்டத்தைவிட்டு எழும்பினாலோ அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப் போட வேண்டும். உறுதியாக இருந்தாலும் கறைமேல் நேராக வெள்ளை அடிக்காதீர்கள். நீலம் புதுப் பூச்சைத் தாண்டி மேலே வந்து நிற்கும்.

ஒட்டுப் போட்டால் வெப்பமானி வைத்துச் சரிபார்த்த இஸ்திரிப்பெட்டிதான் வேண்டும். முதலில் 121 டிகிரி செல்சியஸ், கடைசி இறுக்கத்துக்கு 177. அதைத் தாண்டினால் துணி இறுகுவதற்குப் பதிலாகத் தளரும். வெப்பக் காற்றுத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். டேங்க் வெளியே போய், இறக்கை நன்றாகக் காற்றாடிய பிறகுதான் சூடான எதையும் அருகில் கொண்டுவர வேண்டும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

காற்றோடி

இடையில் ஒரு கேள்வி. டேங்கைத் திறக்கிற வேலையோடு வேலையாக இன்னும் பெரிய டேங்காகவே வைத்துவிடலாமே?

மூத்தகை

நண்பரே, அதே அளவில் அதே வகை டேங்கை மாற்றுவது பழுதுபார்ப்பு. அளவையோ இடத்தையோ மாற்றினால் அது விமானத்தின் வடிவமைப்பையே மாற்றுவது. அதற்கு ஒப்புதல் பெற்ற வரைபடம் வேண்டும், எடைச் சமநிலையைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். 18 காலன் பெட்ரோலே 49 கிலோ. பழைய ஜே-3 கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 12 காலன் டேங்க் விமானியின் முன்னால் மூக்கில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இறக்கையில் டேங்க் வைத்தால் அத்தனை எடையும் பின்னுக்கு நகர்கிறது. எடைமையம் நகர்ந்த பிறகு அது நீங்கள் ஓட்டிப் பழகிய விமானம் அல்ல.

வெண்சிறகு

மூத்தகை ஐயா, நீங்கள் சொன்னபடி எடுத்துவிட்டேன். மேல்பாதியில், உள்பக்கச் சுவரின் வெல்டிங் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல். அதைச் சுற்றி நீலப் பொருக்கு படிந்திருந்தது. ஃபெல்ட்டை உரித்துப் பார்த்தபோதுதான் மனம் கலங்கியது. அடியில் பதினோரு குழிகள். ஒன்றில் ஊசிமுனை ஏறக்குறைய தகட்டைத் தாண்டியே போகிறது. புது டேங்குக்குச் சொல்லிவிட்டேன். வந்ததும் அப்படியே பொருத்திவிடலாமா, சோதித்துப் பார்க்க வேண்டுமா?

மூத்தகை

நல்ல முடிவு, தம்பி. புது டேங்கையும் சோதித்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். ஆனால் கம்ப்ரஸரை நேராக மாட்டிவிடாதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ரெகுலேட்டரில் முள் அசைவதற்குள் ‘டொம்’ என்று ஓர் ஓசை. தட்டையான அடிப்பக்கம் பானை வயிறு போல வெளியே வந்துவிட்டது. அடுத்தவருடைய புது டேங்க் அது. என் செலவில் இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். அமெரிக்க விமானத் தகுதி விதிகளின் 23ஆம் பகுதியில், 2017-இல் அதை மாற்றி எழுதுவதற்கு முன், சாதாரண உலோக டேங்கின் வடிவமைப்பு சதுர அங்குலத்துக்கு 3.5 பவுண்டு அழுத்தம் தாங்க வேண்டும் என்று இருந்தது. சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் 60 சென்டிமீட்டர் சதுரத் தகட்டின்மேல் அது கிட்டத்தட்ட 880 கிலோ விசை.

நான் இப்போது செய்வது இது. நிறமற்ற பிளாஸ்டிக் குழாயை ‘ப’ வடிவத்தில் பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டேங்கில் மாட்டுகிறேன். சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் 35 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன். கசிவு தெரிய அது போதும். வெல்டிங் ஓரமெல்லாம் சோப்பு நுரை தடவுங்கள். நிழலில் செய்யுங்கள். டேங்கின்மேல் கையை வைத்தாலே உள்ளிருக்கும் காற்று சூடாகி நீர்மட்டம் அசையும். வெயில் பட்டால் எதையும் நம்ப முடியாது.

பொருத்தும்போது: ஹோஸ்கள் எல்லாம் புதிது. குழாய் மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு கார்புரேட்டர்வரை போகும். பெட்ரோலுக்கு உகந்த பசையை ஆண் மரையில் மட்டும், முதல் இரண்டு சுற்றை விட்டுவிட்டுத் தடவுங்கள். டேங்கிலிருந்து விமான உடலுக்கு, மின்னூட்டத்தை வடிக்கும் பாண்டிங் கம்பி கட்டாயம். உரித்த ஃபெல்ட்டை மறுபடி ஒட்டாதீர்கள். ஈரம் குடிக்காத பட்டையாக, உங்கள் பொறியாளர் ஒப்புக்கொள்வதைப் போடுங்கள்.

கடைசியாக இரண்டு. டேங்க் மூடியில் காற்றுக்குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் வகையாக இருந்தால் அதன் வாய் முன்னோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால், பறக்கும்போது டேங்குக்குள் காற்றைத் தள்ள வேண்டிய குழாய் உறிஞ்சத் தொடங்கிவிடும். பிறகு பெட்ரோல் ஓட்டச் சோதனை. புவியீர்ப்பால் பெட்ரோல் இறங்கும் அமைப்பில், டேக்-ஆஃப் நேரத்தில் என்ஜின் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, டேங்கில் மிகக் குறைந்த பெட்ரோலை வைத்து அளக்க வேண்டும். முன்சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றிச் சக்கரத்தடை போடுங்கள். வால்சக்கரம் தரையிலேயே இருக்கட்டும்.

வெண்சிறகு

வேலை முடிந்தது. நீர்மட்டம் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றது. நூலிழை அக்கா சொன்ன கட்டைவிரல் சோதனையில் ஓரிடத்தில் விளிம்பு எழும்பியது, ஒட்டுப் போட்டுவிட்டேன். முதல் ஓட்டச் சோதனையில் நிமிடத்துக்கு 1.1 லிட்டர்தான் கிடைத்தது. எங்கள் கணக்குக்கு 1.3 வேண்டும். குழாயை ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிப் பார்த்ததில், புது ஹோஸை மாட்டும்போது உள்சுவரிலிருந்து சீவிய ரப்பர்த் துணுக்கு ஒன்று வளைவில் நின்றது. எடுத்த பிறகு 1.7. பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டார்.

இடது டேங்க் நான்கு நாட்களாக விளிம்புவரை நிறைந்திருக்கிறது. தினமும் காலையில் அடித்துணியில் வெள்ளைத் துணியை வைத்து ஒற்றிப் பார்க்கிறேன். வெள்ளையாகவே வருகிறது. வலது டேங்கின் ஃபெல்ட்டை அடுத்த வாரம் உரிக்கிறேன்.