பிடிபடாமலே 'தேடப்படுவோர்' பட்டியலிலிருந்து பெயர் போனால் விட்டுவிட்டார்கள் என்றா அர்த்தம்?

உவர்மலைக்காரன்:
வணக்கம் எல்லோருக்கும். இது தேத்தண்ணிக் கடையில் தொடங்கிய சண்டை, அதனால் கேலி பண்ணாமல் பதில் சொல்லுங்கள். நேற்றுப் பின்னேரம் திருமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் நானும் மச்சானும் இருந்தபோது அவன் போனில் ஒரு வீடியோ போட்டான், எப்.பி.ஐ.யின் 'மிகவும் தேடப்படும் பத்துப் பேர்' பட்டியலைப் பற்றி. அதில் விக்டர் ஜெரேனா என்று ஒருவர். 1983இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், தான் வேலை பார்த்த வெல்ஸ் பார்கோ காசு டிப்போவிலேயே 70 லட்சம் டொலரை அள்ளிக்கொண்டு போனவர். 1984இல் பட்டியலில் ஏற்றினார்களாம், 2016 டிசம்பரில் இறக்கிவிட்டார்களாம். 32 வருடம்! பிடிபடவும் இல்லை, செத்துப்போனார் என்று யாரும் சொல்லவும் இல்லை.

மச்சான் சொல்கிறான், "காலம் கடந்துவிட்டது, கேஸ் முடிஞ்சுது" என்று. அப்படி இருக்காது என்று நான் சொன்னேன், ஆனால் ஏன் இருக்காது என்று கேட்டால் வாயைத் திறக்க முடியவில்லை. தோற்றவர் ஒரு கிழமைக்குத் தேத்தண்ணிக் காசு கொடுக்க வேண்டும் என்று பந்தயம். யார் இந்தப் பத்துப் பேரைத் தெரிவு செய்கிறார்கள், முதலாவதாக இருப்பவர்தான் பெரிய ஆளா, இறக்கினால் ஆள் தப்பிவிட்டாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை மான்:
தம்பி, நானும் திருமலைதான், இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். (பிரட்றிக் கோட்டை மான்கள் இன்னும் பஸ் நிலையப் பக்கம் வந்து கடதாசி தின்னுதா?) பந்தயத்தில் நீர்தான் வெல்வீர், ஆனால் காரணம் நீர் நினைப்பது இல்லை.

முதலில், அதில் ஒன்றாம் நம்பர் இரண்டாம் நம்பர் என்று தர வரிசை கிடையாது. பத்துப் பேரும் ஒன்றுதான். ஓர் இடம் காலியானால், நாடு முழுவதும் உள்ள 50க்கும் மேற்பட்ட கள அலுவலகங்களிடம் தலைமையகம் பெயர் கேட்கும். ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள ஆளை முன்மொழியும். குற்றப் புலனாய்வுப் பிரிவு அதிகாரிகளும் பொதுசன விவகாரப் பிரிவும் சேர்ந்து அவற்றைச் சலித்தெடுப்பார்கள், பிறகு மேலிடத்தின் ஒப்புதல். அந்த இரண்டாவது பிரிவு எதற்கு அங்கே வருகிறது என்று யோசித்துப் பாரும். முழு விஷயமும் அதில்தான் கிடக்கிறது.

அவர்கள் பார்ப்பது இரண்டு விஷயம். ஆள் பாரதூரமான குற்றங்கள் நீளமாகச் செய்தவராகவோ இப்போதைய குற்றச்சாட்டால் மிக ஆபத்தானவராகவோ இருக்க வேண்டும், அது ஒன்று. மற்றது, நாடெங்கும் படம் போட்டால் ஆளைப் பிடிக்க அது உதவும் என்று நம்பிக்கை இருக்க வேண்டும். எவ்வளவு கொடியவனாக இருந்தாலும், எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்து, அந்த நாடு அவனைத் தரமாட்டேன் என்றால் சுவரொட்டியால் என்ன பிரயோசனம்? ஜெரேனா கியூபாவில் இருப்பதாக நீண்ட காலமாகவே பேச்சு. அதனால்தான் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள் என்பது என் கணிப்பு. இறக்கியது பட்டியலிலிருந்துதான், பிடியாணையை யாரும் கிழித்துப் போடவில்லை.

இந்தப் பட்டியல் பிறந்ததே பத்திரிகையால். 1949இல் ஒரு செய்தி நிறுவன நிருபர், நீங்கள் தேடும் ஆட்களில் மோசமானவர்கள் யார் என்று கேட்டு ஒரு கட்டுரை போட, அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து அப்போதைய எப்.பி.ஐ. தலைவர் ஹூவர் 1950 மார்ச் 14ஆம் திகதி இதையே ஒரு திட்டமாக்கினார். முதல் பெயர் தோமஸ் ஹோல்டன். சிக்காகோவில் மனைவியையும் அவளுடைய சகோதரர் இருவரையும் சுட்டவர். 1951இல் ஒரிகன் மாநிலத்தில் வேறு பெயரில் சுவர் பூசும் வேலை செய்துகொண்டிருந்தபோது, பத்திரிகையில் படம் பார்த்த ஒருவர் அடையாளம் சொல்லிப் பிடிபட்டார்.

பொஸ்டன் பாதாளக் கும்பல் தலைவர் வைட்டி பல்ஜரும் அப்படித்தான். 16 வருடம் தலைமறைவு, 20 லட்சம் டொலர் சன்மானம், ஒன்றும் நடக்கவில்லை. 2011 ஜூனில் அவரை விட்டுவிட்டு அவரோடு ஓடிய பெண்ணின் படத்தைப் பகல் நேரத் தொலைக்காட்சியில் விளம்பரமாகப் போட்டார்கள், பெண்கள் பார்க்கும் நேரம் என்று கணக்குப் போட்டு. இரண்டு நாளில் சாந்தா மொனிக்காவில் இருவரும் அகப்பட்டார்கள்.

பழைய பதிவேடு:
நீதிமன்றப் பதிவேடுகளோடு வாழ்க்கையைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். தம்பிமாரே, பட்டியல் வேறு, பிடியாணை வேறு. பட்டியலைப் பொலிஸார் போடலாம், எடுக்கலாம். பிடியாணையை மீளப் பெறுவது நீதிமன்றம். நம்மூரிலும் ஆள் வராவிட்டால் நீதவான் திறந்த பிடியாணை கொடுப்பார், பொலிஸார் படம் போட்டுப் பொதுமக்களின் உதவி கேட்பார்கள், நாலு நாளில் எல்லோரும் அந்தப் படத்தை மறந்துவிடுவார்கள். வழக்குக் கோப்பு மறக்காது. வருடக்கணக்காகக் கிடந்த திறந்த பிடியாணையில் ஆள் பிடிபட்டு வந்த நாட்களை நான் கண்டிருக்கிறேன். "அது எப்பவோ முடிஞ்ச கதை ஐயா" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

உங்கள் மச்சானின் காலாவதிக் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் பல குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலவரையறை உண்டு, அது சரி. ஆனால் நீதிக்குத் தப்பி ஓடுபவனுக்கு அந்தக் கணக்கு ஓடாது என்று அவர்களுடைய கூட்டாட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒளிந்திருந்தே வழக்கை ஜெயிக்கலாம் என்றால் எவன் நீதிமன்றம் வருவான்?

பட்டியலிலிருந்து இறக்கும் காரணங்களில் 'குற்றச்சாட்டு நீக்கப்பட்டது' என்றும் ஒன்று உண்டு. அதை வாசித்துவிட்டு நிரபராதி என்று எண்ணக்கூடாது. கொலை அங்கே பெரும்பாலும் மாநிலக் குற்றம், எப்.பி.ஐ. தலையிட முடியாது. ஆனால் கொலைகாரன் மாநில எல்லை தாண்டி ஓடினால், 1934இல் வந்த ஒரு சட்டப்படி அந்த ஓட்டமே கூட்டாட்சிக் குற்றம். அந்த நூலைப் பிடித்துத்தான் எப்.பி.ஐ. உள்ளே வருகிறது. ஆள் பிடிபட்டு மாநிலத்திடம் ஒப்படைத்த பின் ஓடிய குற்றச்சாட்டைக் கைவிட்டுவிடுவார்கள், கொலை வழக்கு பாட்டுக்கு நடக்கும்.

நிலாவெளி நண்டு:
மான் அண்ணா சொல்வதை அப்படியே விழுங்க என்னால் முடியவில்லை. 'பிரசுரம் உதவும்' என்றால், பின்லாடனை 1999இல் ஏன் ஏற்றினார்கள்? சுவரொட்டியைப் பார்த்து யாராவது பொலிஸுக்குப் போன் பண்ணுவார்கள் என்றா? நைரோபி, தாருஸ்ஸலாம் தூதரகக் குண்டுவெடிப்புகளுக்காக ஏற்றிய படம் 2011 மே வரை அப்படியே இருந்தது, செப்டெம்பர் 11ஐப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, அதை வைத்தே எத்தனை சதிக்கதை கட்டினார்கள். 1970இல் இன்னொரு கூத்து. 'பத்துப் பேர்' பட்டியலில் 16 பேர்! வியட்நாம் போர்க் காலம், மாணவத் தீவிரவாதிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் 'சிறப்புச் சேர்க்கை' என்று ஏற்றிவிட்டார்கள். 50களில் வங்கிக் கொள்ளையர், பிறகு தீவிரவாதிகள், அப்புறம் போதைவஸ்துக்காரர். அரசாங்கம் எந்த நேரத்தில் எதற்குப் பயப்படுகிறதோ அந்த முகங்கள்தான் சுவரில் ஏறும்.

கோட்டை மான்:
நண்டு, மறுக்கமாட்டேன். சிறப்புச் சேர்க்கை என்பது அவர்களே வைத்துக்கொண்ட பின்கதவு, மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் ஏர்ல் ரேயையும் 1968இல் அப்படித்தான் ஏற்றினார்கள். ஆனாலும் இதுவரை ஏறிய 500க்கும் மேற்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அகப்பட்டோ இருக்கும் இடம் தெரிந்தோ போயிருக்கிறார்கள். 1969இல் பில்லி பிரையன்ட் என்பவர் இரண்டே மணித்தியாலம்தான் இருந்தார்.

எதிர்ப்பக்கம் டொனால்ட் வெப். பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூர்ப் பொலிஸ் தலைவரைக் கொன்றதாக 1981இல் ஏற்றி, 2007இல் பிடிபடாமலே இறக்கினார்கள். 2017இல் மாசசூசெட்ஸில் மனைவி வீட்டு வளவைத் தோண்டினால் ஆள் அங்கே. 1999இலேயே செத்துவிட்டார். அதாவது பட்டியல் ஏழு வருடத்துக்கு மேல் ஒரு பிணத்தைத் தேடியிருக்கிறது. ஆனால் பாரும், பட்டியலிலிருந்து இறக்கிப் பத்து வருடம் கழித்தும் தோண்டியிருக்கிறார்கள். உம்முடைய மச்சானுக்கு இதைக் காட்டும்.

கிண்ணியாப் பாலம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இன்டர்போல் சிவப்பு அறிவித்தலும் இதே மாதிரியா? நம் அரசாங்கம் வர்த்தமானியில் பெயர் போட்டதும் எடுத்ததும் அதுதானா? எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறார்கள்.

பழைய பதிவேடு:
நாநா, மூன்றும் மூன்று சாமான். சிவப்பு அறிவித்தல் பிடியாணையே இல்லை. ஒரு நாடு கேட்க, லியோனில் உள்ள பொதுச் செயலகம் பரிசீலித்து, 'இவரைக் கண்டால் நாடுகடத்தும் வரை தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள்' என்று மற்ற நாடுகளிடம் விடுக்கும் வேண்டுகோள், அவ்வளவுதான். பெரும்பாலானவை பொதுமக்கள் கண்ணில் படுவதே இல்லை. அரசியல், இராணுவ, சமய, இன விவகாரங்களில் தலையிடக்கூடாது என்று இன்டர்போல் யாப்பின் 3ஆம் உறுப்புரை சொல்கிறது. அதற்கு மாறாகப் போட்டிருந்தால் பாதிக்கப்பட்டவரே அவர்களுடைய கோப்புகள் கட்டுப்பாட்டு ஆணைக்குழுவிடம் முறையிட்டு நீக்கச் சொல்லலாம். எப்.பி.ஐ. பட்டியலில் இருப்பவருக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வர்த்தமானி விஷயம் தப்பியோடியவர் பட்டியலே இல்லை. ஐ.நா. ஒழுங்குவிதிகளின் கீழ், பயங்கரவாதத்தோடு தொடர்பு என்று சொல்லி 2014இல் 16 அமைப்புகளையும் 424 பேரையும் போட்டார்கள். நிதியையும் சொத்தையும் முடக்குவதற்கு. ஆட்சி மாறக் குறைந்தது, மறுபடி மாறக் கூடியது, 2022 ஆகஸ்டில் 316 பேரை எடுத்தார்கள். அதில் இருந்த எத்தனையோ பேர் மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்கு இல்லை. நண்டு சொன்னது எப்.பி.ஐ.யை விட இதற்குத்தான் பொருந்தும்.

உவர்மலைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மச்சானுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஜெரேனா விஷயத்தில் தோற்றதை ஒத்துக்கொண்டான், ஆனால் "வெப் செத்தது தெரியாமல் ஏழு வருடம் தேடினவங்கள் தானே, இவர் உயிரோட இருக்கிறார் என்று ஆர் கண்டது?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் காசுதான் தருவேன் என்கிறான். மான் அண்ணா, மான்கள் இன்னும் அங்கேதான். இன்று காலையும் ஒன்று மரக்கறிக் கடை வாசலில் நின்றது.