மறு: இன்ட்ரோவெர்ட் என்பதற்குக் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம். மனம் வெளியே அல்லாமல் உள்நோக்கித் திரும்பும் இயல்புடையவரை ஆங்கிலத்தில் இன்ட்ரோவெர்ட் என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற பேச்சில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'கூச்ச சுபாவி' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். கூச்சத்துக்கு அடியில் பயம் இருக்கிறது. பேச ஆசை இருக்கும், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நா எழாது. இன்ட்ரோவெர்ட்டுக்கு அந்தப் பயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெரிய அரங்கில் தயங்காமல் பேசிவிட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் தனியாக இருந்தால்தான் தெம்பு திரும்பும் என்பவர்கள் உண்டு. மறுபக்கம், கூட்டத்தை விரும்பியும் அதற்குள் நுழையக் கூசுகிற எக்ஸ்ட்ரோவெர்ட்டுகளும் (மனம் வெளிநோக்கித் திரும்பியவர்கள்) உண்டு. உளவியலில் கூச்சத்தையும் இன்ட்ரோவெர்ட் இயல்பையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். 'கூச்ச சுபாவி' என்று பாடநூலில் ஏறிவிட்டால், அமைதியான பிள்ளையைக் கண்டதும் அதைத் 'திருத்த' பெற்றோரும் ஆசிரியரும் கிளம்பிவிடுவார்கள். என் பெரிய கவலை அதுதான்.

> 'உள்முகச் சிந்தனையாளர்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் இந்த வகைப்பாட்டை நூலாக வெளியிட்டபோது, அகம், புறம் என்ற இரு நோக்குகளைச் சிந்தனை, உணர்ச்சி, புலனுணர்வு, உள்ளுணர்வு என்ற நான்கோடும் சேர்த்து எட்டு வகை சொன்னார். உள்முகச் சிந்தனையாளர் அந்த எட்டில் ஒருவர். அந்தப் பெயரைப் பொதுவாக்கிவிட்டால், அகம் நோக்கிய மற்ற மூவரை என்ன சொல்லி அழைப்பது? மன ஆற்றல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் யுங் பார்த்தார். இன்னொரு உளவியலாளரான ஹான்ஸ் ஐசென்க் 1967-இல் மூளையின் விழிப்புநிலையைக் காரணமாகக் காட்டினார். இன்ட்ரோவெர்ட்டுகளுக்கு அது இயல்பிலேயே கூடுதல், அதனால் சத்தமும் கூட்டமும் சீக்கிரமே மிகையாகிவிடும் என்பது அவர் விளக்கம். நிறைய யோசிப்பவர் என்ற பொருள் இருவரிடமும் இல்லை.

ஆகவே என் பரிந்துரை 'அகமுகர்'. பண்புக்கு 'அகமுகம்', எதிர்ச்சொல் 'புறமுகர்'. திசையை மட்டும் சொல்கிறது, யாரையும் குறைசொல்லவில்லை. 'அகமுகி' பலர் எழுதுவதுதான், ஆனால் 'முகி' என்று முடிவது பெண்பெயர் போல ஒலிக்கிறது. 'அர்' விகுதியில் அந்தச் சிக்கல் இல்லை.

சரி, இரண்டுக்கும் நடுவில் இருப்பவரான ஆம்பிவெர்ட்டுக்கு என்ன செய்வது? இதை ஒதுக்க முடியாது, அளந்து பார்த்தால் பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் வருகிறார்கள். 'இருமுகர்' என்றால் இரட்டை வேடம் போடுபவர் என்றாகிவிடும். 'இடைமுகர்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'இடைமுகம்' கணினித் துறையில் வேறு பொருளில் (இன்டர்ஃபேஸ்) வழங்குகிறது என்றாலும், 'அர்' விகுதி ஆளைக் காட்டிவிடுவதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். கணினிச் சொற்களைப் பார்த்துவரும் நண்பர்களுக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் மூன்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்