குடல் சி.டி.க்குக் குடிக்கும் மருந்து: ‘துலக்கி’ சரிவருமா?

வணக்கம் ஐயா,

குடல் சி.டி. ஸ்கேன் படத்தில் துலக்கமாகத் தெரிவதற்காகக் குடிக்கக் கொடுக்கும் மருந்துக்கு (ஆங்கிலத்தில் ‘கான்ட்ராஸ்ட் மீடியம்’) தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, அதற்கு ‘மாறுபாட்டு ஊடகம்’ பாடநூலில் ஓடலாம். இங்கே வண்ணாரப்பேட்டையில் ஸ்கேனுக்கு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் முழிப்பார். அவருக்கு அது ‘டை’, இல்லையென்றால் ‘ஸ்கேன் மருந்து’. அதற்காக ‘சாயம்’ என்றும் வைக்க முடியாது. அது எதற்கும் நிறம் ஏற்றுவதில்லை, எக்ஸ் கதிரைக் கூடவோ குறையவோ தடுக்கிறது, அவ்வளவுதான். என் ஓட்டு ‘துலக்கி’க்கு. பாத்திரம் துலக்குவது நினைவுக்கு வருமே என்றால், வரட்டுமே.

வகை பிரிக்கும்போதுதான் சிக்கல். படத்தில் வெள்ளையாக, சாம்பலாக, கருப்பாகத் தெரிவதை முறையே பாசிட்டிவ், நியூட்ரல், நெகட்டிவ் என்பார்கள். அதை நேர், நடுநிலை, எதிர் என்று மாற்றினால் ஒன்றும் விளங்காது. வெண்துலக்கி, கருந்துலக்கி என்று படத்தில் தெரியும் நிறத்தை வைத்துச் சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் இந்த மருந்தாகவே கொடுக்கும் பால் வந்து கெடுக்கிறது. டம்ளரில் வெள்ளை, படத்திலோ தண்ணீர் மாதிரி சாம்பல். தெளிவாக இருக்கிற அயோடின் கரைசல்தான் படத்தில் பளீரென்று வெள்ளையாக வரும்.

ஆகவே எக்ஸ் கதிரை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று சி.டி.யில் எண்ணால் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவையே பிடித்துக்கொள்ளலாம். அதில் தண்ணீர் 0, காற்று -1000. 0-க்கு வெகு மேலே நிற்கும் நீர்த்த பேரியமும் அயோடினும் அடர் துலக்கி. தண்ணீர், பால், மானிட்டால் (ஒரு வகைச் சர்க்கரை ஆல்கஹால்) கரைசல் எல்லாம் நீரொப்புத் துலக்கி. பெருங்குடலை ஊதிப் பார்க்கச் செலுத்தும் காற்றும் கார்பன் டை ஆக்சைடும் வளித் துலக்கி.

இதில் சிறுகுடலுக்கு நீரொப்பு வகைதான் முக்கியம். ரத்த நாளத்தில் ஊசி வழியாக அயோடின் மருந்து ஏற்றியதும் அழற்சி உள்ள குடல்சுவர் வெளுத்துத் தெரியும். உள்ளே அடர் துலக்கி இருந்தால் வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துவிடும். நாள்பட்ட குடல் அழற்சியான கிரோன் நோயும் குடல் காசநோயும் பெரும்பாலும் சிறுகுடல் முடிகிற இடத்தில்தான் உட்காரும், அங்கே போய்ச் சேருவதற்குள் வெறும் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடுவதால் குடல் விரியாது. மானிட்டால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றரை லிட்டர் வரை, முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். தித்திப்பு, பாதியிலேயே ‘போதும்மா’ என்பார்கள். அப்புறம் பேதியாகும், திருவொற்றியூருக்கு பஸ் ஏற வேண்டியவரை உடனே கிளம்பாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

அடர் துலக்கியை ஒதுக்கிவிடவும் முடியாது. அறுவைக்குப் பிறகு தையல் கசிகிறதா என்று பார்க்க அதுதான் வேண்டும், ஆனால் பேரியம் கூடாது. வயிற்றறைக்குள் கசிந்தால் கடும் அழற்சி வரும். நீரில் கரையும் அயோடின்தான் கொடுப்பார்கள். அதனால் ‘கரையும் அடர் துலக்கி’, ‘கரையா அடர் துலக்கி’ என்று இன்னொரு பிரிவும் நம் சொற்பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும், சொல் நீண்டாலும் பரவாயில்லை.

‘நீரொப்பு’ வாயில் நுழையவில்லை என்றால் ‘நீர்நிகர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி வழியாகப் போவதற்கு ‘ஊசித் துலக்கி’ என்கிறார் என் பக்கத்து மேசைக்காரர். எனக்கு ஆட்சேபம் இல்லை, உங்களுக்கு?