இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கேனே! பழைய ஹிப்ஹாப்போடு நமக்கு நேர்ந்தவை

கேசட் காலம்

ஹிப்ஹாப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் வேறொரு பழைய பாட்டு ஒளிந்து கிடப்பது சட்டென்று காதுக்குப் பிடிபடும். அந்த நொடி உங்களில் யாருக்கெல்லாம் வாய்த்தது? எந்த ஆல்பம் பெரியது என்ற சண்டை இங்கே வேண்டாம். எங்கே இருந்தீர்கள், என்ன காதில் விழுந்தது, அதைச் சொன்னால் போதும்.

நானே தொடங்குகிறேன். ராப்பர் நாஸின் 'இல்மாட்டிக்'. வந்தது 1994 ஏப்ரலில், எனக்குக் கிடைத்தது 2009இல். நியூயார்க்கில் முதல் குளிர்காலம். குவீன்ஸில் அறை, மன்ஹாட்டனில் வேலை. பக்கத்து இருக்கைக்காரர் பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்தவர். "இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டு இதைக் கேட்காமல் இருக்கிறாயே" என்கிற தொனியில் கோபித்துக்கொண்டு ஆல்பத்தைக் கொடுத்தார். மறுநாள் காலை குவீன்ஸ்போரோ பிளாசா நிலையத்தில் நின்றபடி ஓடவிட்டேன். அது மேம்பாலத்து நிலையம், காற்று காதை அறுக்கும். ரயில் வரும் சத்தம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தேன். தண்டவாளம் காலி. ரயில் ஹெட்போனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தொடக்கத்தில் ரயிலோடு 'வைல்ட் ஸ்டைல்' என்ற 1983ஆம் ஆண்டுப் படத்தின் வசனம் கேட்கும். பிராங்க்ஸில் ஹிப்ஹாப் முளைத்த காலத்தைக் காட்டிய படம். 20 வயதுப் பையன் தன் முதல் ஆல்பத்தைத் திறக்கும்போதே மூத்தவர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நான் நின்ற நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு. 96 கட்டடம், மூவாயிரத்துக்கு மேல் வீடுகள். நாஸ் வளர்ந்த இடம்.

மூன்றாவது பாட்டில் சாவைப் பற்றிச் சொல்லி ஓய்கிறார்கள் பையன்கள். அப்போது ஒரு கார்னெட், டிரம்பெட் மாதிரி ஊதுகருவி, மெல்ல எழுந்து வருகிறது. ஊதுவது நாஸின் அப்பா ஒலு டாரா, ஜாஸ் கலைஞர். என் அப்பா வங்கி குமாஸ்தா. வாயில் விசில்கூட வராது. இருந்தும் அந்த இடம் வரும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன், ஏனென்று கேட்காதீர்கள். மொத்தம் 40 நிமிடம். வீட்டுக் கதவிலிருந்து அலுவலக நாற்காலி வரை சரியாக ஒரு ஆல்பம்.

தோல்வாத்தியம்

நான் மதுரைப் பக்கம் லைட் மியூசிக் ட்ரூப்ல டிரம்ஸ் வாசிக்கிறவன். ஹிப்ஹாப் பக்கம் போனதே இல்ல. எங்க கீபோர்டு தம்பி ஒரு காலேஜ் விழாவுக்கு 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' போடணும்னான். என்.டபிள்யூ.ஏ.ன்னு ஒரு ராப் குழு, 1988. "ஈஸிண்ணே, ஒரே லூப்புதான் சுத்திச் சுத்தி வரும்"னு சொல்லிட்டான். உக்காந்தேன். வரல. அரை மணி நேரம் கழிச்சும் வரல. இருபது வருஷமா வாசிக்கிறவனுக்கு இது எவ்வளவு அவமானம்னு உங்களுக்குத் தெரியாது.

அப்புறம்தான் வேரைத் தேடினேன். அது அவங்க வாசிச்சதே இல்ல. த வின்ஸ்டன்ஸ்னு ஒரு குழு, 1969ல போட்ட ரெக்கார்டோட பின்பக்கப் பாட்டு, 'ஆமென், பிரதர்'. நடுவுல எல்லாரும் நிறுத்திடுறாங்க, டிரம்ஸ் மட்டும் நாலு பார், அதாவது நாலு தாளச் சுத்து, தனியா போகுது. ஏழு செகண்டு இருக்கும். வாசிச்சவர் கிரிகரி கோல்மன். அந்த ஏழு செகண்டைத்தான் வேகம் குறைச்சு இவங்க சுத்த விட்டிருக்காங்க.

முதல் ரெண்டு பாரும் ஒண்ணுதான். அதுலயே ஸ்நேர் டிரம்ல குச்சி பட்டும் படாம பொடிப்பொடியா தட்டு விழும், அதை விட்டுட்டு வாசிச்சா பாட்டு செத்துப்போகும். மூணாவது பார்ல கடைசி ஸ்நேரை வரவேண்டிய இடத்துல போடாம அரைத் தட்டு தள்ளிப் போடுறார். நாலாவது பார்ல முதல் தட்டு விழவேண்டிய இடத்தைக் காலியா விட்டுட்டு, எதிர்பாக்காத இடத்துல கிராஷ் சிம்பலை அடிக்கிறார். நம்ம கை தானா எங்க போகுமோ அங்க அவர் போகல. தெரிஞ்ச மிருதங்கக்காரர் ஒருத்தர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுட்டு, "தாளம் தப்பலப்பா, நாங்க கார்வை விடுற இடத்துல ஆளு மூச்சு விட்டுருக்கான்"னார்.

அந்த நாலு பாரை எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டு செஞ்சிருக்காங்க. இங்கிலாந்துல ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ்னு ரெண்டு வகை இசையே இதை வெட்டி ஒட்டித்தான் வளந்துச்சு. கோல்மனுக்கு அதுல ஒரு காசு வரல. 2006ல அட்லாண்டாவுல வறுமையில செத்துப்போனார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு மட்டும் 2015ல ஊர்ப்பட்ட ரசிகர்கள் சேர்ந்து சுமார் 24,000 பவுண்டு வசூல் பண்ணிக் கொடுத்தாங்க. ஜேம்ஸ் பிரவுனோட 'ஃபங்கி டிரம்மர்' வாசிச்ச கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு கதையும் இதே ஜாதிதான். பப்ளிக் எனிமி பாட்டுல அவர் கை கேக்கும், எழுதினவர் பேர்ல பிரவுன்தான் இருப்பார்.

நமக்கும் பேசினது ஐயாயிரம், கைக்கு வந்தது மூணுன்னு எத்தனை கச்சேரி! அதை விடுங்க.

ஈஸ்ட்ஹாம் பெடியன்

அண்ணை, உங்கட பதிவை வாசிச்சு எனக்கு அந்த டெலிவரி வான் ஞாபகம் வந்திட்டுது. 2007இல நானும் ஒரு வெள்ளைக்காரனும் சாமான் டெலிவரி செய்து திரிஞ்சனாங்கள். அவனுக்கு ஐம்பது வயதிருக்கும், பழைய பங்க் இசைப் பைத்தியம். நான் எங்கட லண்டன் தமிழ்ப் பிள்ளை எம்.ஐ.ஏ.யின்ர புது ஆல்பத்தைப் போட்டன். முதல் ஆல்பத்துக்குத் தகப்பன்ர பேர் வைச்சவா, 'அருளர்'. இதுக்குத் தாயின்ர பேர், 'கலா'.

'பேர்ட் ஃப்ளூ' தொடங்கினவுடன நான் இருக்கையில நிமிந்து இருந்திட்டன். உறுமி! சென்னையில போய்ப் பதிவு செய்தது. சின்னனில திருவிழாவில கேட்ட சத்தம் லண்டன் வானுக்குள்ள கிடந்து உறுமுது. அவனுக்கு அது வெறும் இரைச்சல், முகத்தைச் சுழிச்சான். பிறகு 'பேப்பர் பிளேன்ஸ்' வந்திச்சு. இப்ப அவன் பிரேக்கை அமத்திப்போட்டு, "இது த கிளாஷ் எல்லோ!" எண்டு கத்தினான். 1982இல வந்த 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின்ர கிட்டாராம். எனக்கு அது தெரியாது, அவனுக்கு உறுமி தெரியாது. ஒரே இறுவட்டு.

அடுத்த வருசம் ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. நாலு பேரும் சேர்ந்து 'ஸ்வாகா லைக் அஸ்' எண்டு ஒரு பாட்டுச் செய்தினம். அடித்தளம் ஆற்ற குரல் தெரியுமோ? 'பேப்பர் பிளேன்ஸ்'இல எம்.ஐ.ஏ. பாடின ஒரு வரி. 2009 கிராமி மேடையில அவையோட அவாவும் நிண்டவா, பிரசவத்துக்கு நாள் குறிச்சிருந்த அதே நாளில. அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால இருந்து, "உந்தப் பிள்ளையை ஆராவது பிடிச்சு இருத்துங்கோவன்" எண்டு சத்தம் போட்டவா.

வீணை டீச்சர்

சிரித்துவிட்டேன். கர்ப்பிணிகளைப் பற்றி எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது, அதற்கு முன் ஒரு அசட்டுத்தனம்.

1996இல் நியூஜெர்சியில் ரேடியோவைத் திறந்தால் ஃப்யூஜீஸின் 'கில்லிங் மீ சாஃப்ட்லி'தான். அதில் ஒரு சித்தார் மீட்டல் வந்து வந்து போகும். பத்து வருடம் வீணை கற்றவள் என்ற திமிரில், இது நம் ஊர் ரெக்கார்டிலிருந்து எடுத்தது என்று சாதித்தேன். ரவிசங்கராகத்தான் இருக்கும் என்று பந்தயம்கூடக் கட்டினேன். தோற்றேன். ஃப்யூஜீஸுக்கு அது எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்டின் 'போனிட்டா ஆப்பிள்பம்' வழியாக வந்தது. அவர்களோ ரோட்டரி கனெக்‌ஷன் என்ற சிகாகோ குழுவின் அறுபதுகளின் பாட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். வாத்தியம் எலெக்ட்ரிக் சித்தார். நம் சித்தாரைப் போல ஒலிக்க அமெரிக்காவில் செய்த கிட்டார்! மூன்று கை மாறி வந்த போலியைக் கேட்டுவிட்டு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் குரல், லாரின் ஹில். 1998இல் அவர் தனியாகப் போட்ட 'மிஸ்எஜுகேஷன்' வந்தபோது நான் ஐந்து மாதம். வேலையில் பதவி உயர்வு வரவேண்டிய நேரம். "இப்போது போய் இதை..." என்று இழுத்தவர்கள் வீட்டிலும் உண்டு, வெளியிலும் உண்டு. 'டு ஜயான்' பாட்டை முதல்முறை கேட்டது கார் நிறுத்துமிடத்தில். குழந்தையை விடு, தொழிலைப் பார் என்று ஊர் சொன்னதையும் தான் குழந்தையைத் தேர்ந்ததையும் அவர் பாடுகிறார், பின்னால் சான்டானாவின் கிட்டார். என்ஜினை அணைத்துவிட்டு முழுதாகக் கேட்டேன். அலுவலகத்துக்குத் தாமதம். மறுவருடம் அந்த ஆல்பத்துக்கு கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது கிடைத்தது. ஹிப்ஹாப்புக்கு அதுவே முதல்முறை. அதற்குள் என் மகள் பிறந்துவிட்டாள்.

பாட்டுகளுக்கு நடுவே ஒரு வகுப்பறை வரும். ஆசிரியர் பிள்ளைகளிடம் காதல் என்றால் என்ன என்று கேட்பார், ஆளுக்கொன்று சொல்லும். அந்த ஆசிரியர் குரல் ராஸ் பராகாவுடையது. 2014இல் அவர் நுவார்க் மேயரானார். தேர்தல் செய்தியில் அவர் பேசும்போது, "அம்மா, இது அந்த சிடி சார் குரல்" என்று கண்டுபிடித்தது என் மகள்தான்.

சும்மா கேட்பவள்

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் உப்புப் போடுகிறேன். டாக்டர் ட்ரேயின் 'த க்ரானிக்', 1992. கல்லூரியில் அதன் இசைக்கு அடிமை. அந்த அடித்தொண்டை பேஸ், மேலே விசில் மாதிரி சிந்தசைசர், வெயிலில் கார் மெதுவாகப் போவது போல் இருக்கும். வார்த்தை புரியாதவரை சொர்க்கம். ஆங்கிலம் காதுக்குப் பழகப் பழக, பெண்களை என்னவெல்லாம் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. நிறுத்திவிட்டேன். குயீன் லத்தீஃபா அடுத்த வருடமே 'யூனிட்டி' பாட்டில் இதைத்தான் முகத்துக்கு நேராகக் கேட்டார். இப்போதும் 'க்ரானிக்' எங்காவது கேட்டால் கால் தானாக ஆடுகிறது. அந்தக் கால்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

கேசட் காலம்

நியாயம். என் அலமாரியிலும் அப்படிச் சில உண்டு. எடுத்து எறியவும் மனமில்லை, மகன் முன்னால் போடவும் துணிவில்லை.

கிள்ளான் அண்ணன்

நம்மளுது பசார் மாலாம் கதை. மலேசியா கிள்ளான்ல இரவுச் சந்தையில திருட்டு கேசட் மூணு வெள்ளியோ நாலு வெள்ளியோ. மஞ்சள் அட்டையில பூப் போட்டிருந்துச்சு, ஏதோ பிள்ளைங்க பாட்டுன்னு நெனச்சு தங்கச்சிக்கு வாங்கினேன். டி லா சோல், 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்', 1989. தங்கச்சிக்குக் கொடுக்கவே இல்ல.

மத்தவங்க ஒரு பாட்டுல ஒரு துண்டு எடுத்தா, இவங்க பத்துத் துண்டு எடுப்பாங்க. கண்ட்ரி பாட்டு, ஃபங்க், ஃபிரெஞ்சுப் பாடம் நடத்துற ரெக்கார்டு, எதுவும் விலக்கு இல்ல. அந்த ஃபிரெஞ்சுப் பாடத்துக்குப் பின்னால த டர்ட்டில்ஸ் குழுவோட சின்னத் துண்டு ஒண்ணு ஓடும். அதுக்குத்தான் வழக்கு வந்துச்சு. 1991ல பிஸ் மார்க்கி மேல இன்னொரு வழக்கு, நீதிபதி பைபிள் கட்டளையிலேருந்து 'திருடாதே'ன்னு தீர்ப்பையே ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் துண்டுக்குத் துண்டு அனுமதி வாங்கணும், காசு கட்டணும். பத்துத் துண்டுல பாட்டுக் கட்டுற வேலையே வசதி உள்ளவங்க கைக்குப் போயிருச்சு. தோல்வாத்தியம் அண்ணன் சொல்ற கோல்மன் மாதிரி ஆளுங்களுக்குக் காசு போகணும், அது சரி. ஆனா போனது பெரும்பாலும் உரிமை வெச்சிருந்த கம்பெனிங்களுக்கு.

என் கேசட்டை 1997ல வீட்டு ரேடியோ தின்னுருச்சு. பென்சில் விட்டுச் சுத்தினேன், ரிப்பன் அறுந்துபோச்சு. பிறகு இணையத்துல எல்லாப் பாட்டும் வந்துச்சு, இது மட்டும் வரல, அந்த அனுமதிச் சிக்கல்தான். கடைசியா 2023 மார்ச் 3. காலையில எழுந்து முதல் வேலையா போட்டேன். மூணு பேர்ல ஒருத்தர், ட்ரூகாய், அதுக்கு மூணு வாரம் முந்திதான் இறந்திருந்தார். கேட்டுட்டு தங்கச்சிக்கு லிங்க் அனுப்பினேன், முப்பத்து சொச்சம் வருஷம் தாமதமா. "யாருண்ணே இது?"ன்னு ஒரு வரி பதில்.

நம்ம ஊருலயும் 2006ல யோகி பி, நட்சத்ரா சேர்ந்து 'மடை திறந்து' போட்டப்ப, ராஜா மெட்டு உள்ள வந்து உக்காந்ததும் எங்க அப்பா, "நிறுத்து, நிறுத்து, முதல்லேருந்து போடு"ன்னாரு. ராப்னாலே சேனல் மாத்துற மனுஷன்.

கேசட் காலம்

வாஷிங்டன் போனால் ஸ்மித்சோனியனின் ஆப்ரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். டெட்ராய்டின் ஹிப்ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா வைத்திருந்த எம்.பி.சி. இயந்திரம் அந்த அருங்காட்சியகத்தின் சொத்து, அவர் அம்மா கொடுத்தது. பழைய ரெக்கார்டுகளை நறுக்கித் தட்டுகிற பெட்டி. 'டோனட்ஸ்' ஆல்பம் வெளியான 2006 பிப்ரவரி 7 அவருடைய 32ஆவது பிறந்தநாள். மூன்று நாளில் போய்விட்டார். இயந்திரம் தாளத்தைத் தானாக நேர்ப்படுத்தும் வசதியை அவர் பெரும்பாலும் அணைத்துவைத்து, விரலால் தட்டியதைத் தட்டியபடியே விட்டுவிடுவார் என்பார்கள். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொத்தான்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோல்வாத்தியம்

மெஷின் கண்ணாடிக்குள்ள இருக்கு, சரி. கோல்மன் குச்சி எங்கண்ணே இருக்கு?

அந்த டில்லா பாட்டு ஒண்ணை இப்பத்தான் கேட்டேன். ஸ்நேர் ஒரு மயிரிழை முன்னாடி விழுது. நான் அப்படி வாசிச்சா எங்க ஆர்கனைசர் திட்டுவான்.

சனிக்கிழமை மேலூர்ல கச்சேரி. ஒரு குத்துப் பாட்டு நடுவுல நாலு பார் எனக்கு விட்டிருக்காங்க. மூணாவது பார்ல தள்ளிப் போடப் போறேன். கீபோர்டு தம்பிக்கு மட்டும் சொல்லியிருக்கேன்.