ரிப்போர்ட் கார்டிலும் பியூபில், கண் ஆஸ்பத்திரியிலும் பியூபில்?

மழைக்குருவி:
மகள் நான்காம் வகுப்பு. ரிப்போர்ட் கார்டில் 'பியூபில்' என்று அச்சடித்த இடத்துக்கு நேரே அவள் பெயர் இருக்கும். போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், அப்புறம் நர்ஸ் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "பியூபில் இன்னும் விரியல, இன்னொரு சொட்டு விடலாம்" என்றார். மகள் மிரண்டுபோய் "நானாம்மா விரியணும்?" என்கிறாள். சிரித்துவிட்டேன், ஆனால் எனக்கும் விளங்கவில்லை. மாணவருக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய பேப்பர்:
சம்பந்தம் இருக்கிறது. லத்தீனில் பூப்பா என்றால் சிறுமி, பொம்மை. பூப்பில்லா என்றால் குட்டிப் பொம்மை. எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவம் துளியூண்டு தெரியுமே, அதுதான் அந்தப் பொம்மை. பெற்றோரை இழந்து காப்பாளர் பொறுப்பில் வளரும் பிள்ளைகளையும் ரோமர்கள் இதே சொல்லால்தான் குறித்தார்கள். ஆங்கிலத்துக்கு அந்தப் பொருளோடு வந்து, பிற்பாடுதான் மாணவர் ஆனது. கிரேக்கத்திலும் கோரே என்றால் சிறுமி, கண்மணி இரண்டும். அட, நம்மிடமே பாவை இருக்கிறதே! பொம்மையும் பாவை, கருமணிக்குள் இருப்பதும் பாவை. குறள் 1123-இல் காதலன் 'கருமணியிற் பாவாய்நீ போதாய்' என்று அதைக் கிளம்பச் சொல்கிறான், காதலிக்கு இடம் வேண்டுமாம்.

கண்ணாடிக் கடை:
ஒரு சின்னத் திருத்தம். கண்ணில் பியூபில் என்பது கருவிழியின் நடுவில் இருக்கும் வெறும் ஓட்டை. உள்ளே போகிற வெளிச்சம் பெரும்பாலும் திரும்பி வராததால் கறுப்பாகத் தெரிகிறது. உருவம் விழுவது அதற்கு முன்னால் இருக்கும் கார்னியா என்ற தெளிவான படலத்தில், பின்னணி கறுப்பு என்பதால் எடுப்பாகத் தெரியும். நல்ல வெயிலில் 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும், இருட்டில் 8 வரை போகும். கண்ணாடி போட வந்தால் நாங்கள் 'பி.டி.' எடுப்பது இரண்டு ஓட்டைக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான்.

கறுப்புக் கோட்டு:
இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் படிப்பெல்லாம் முடித்த பிறகும் சீனியரிடம் ஒரு வருடம் தொழில் பழகணும், அந்த வருடம் முழுக்க 'பியூபில்' என்றுதான் சொல்வார்கள். நாற்பது வயதானாலும் அதே பேர்தான்!

மழைக்குருவி:
எல்லோருக்கும் நன்றி. மகளை ஜன்னலைப் பார்க்க உட்கார வைத்து, எதிரே நின்று பார்த்தேன். என் தலை, பின்னால் ஜன்னல் கம்பி எல்லாம் தெரிகிறது. அசையாதே என்றால் சிரிக்கிறாள், பொம்மையும் சேர்ந்து ஆடுகிறது.