கயிற்றை அவிழ்க்காமல் நாயைப் படம் எடுப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு அதிகாலையில், பெசன்ட் நகர் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் அருகே ஒரு குடும்பத்தையும் அவர்களுடைய சிப்பிப்பாறை நாயையும் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். படத்தில் கயிறு தெரியக் கூடாது, அவிழ்த்துவிடுங்கள் என்று அவர்கள் வற்புறுத்துகிறார்கள். ஆனால் ஓடுவதைக் கண்டால் துரத்தும் வேட்டை இனம் அது, மணலில் ஒரு நண்டு ஓடினாலே போதும், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. போதாக்குறைக்குத் தெருநாய்களும் அங்கே உண்டு. சென்ற மாதம் வேறொரு படப்பிடிப்பில் அவிழ்த்துவிட்ட நாய் சாலைவரை ஓடிவிட, நல்லவேளையாக ஓர் இளநீர்க் கடைக்காரர்தான் கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

ஆகவே அவிழ்ப்பதாக இல்லை. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, நாயோடு ஒரு படமும் வெற்று மணலை ஒரு படமும் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் கயிற்றை மட்டும் மறைக்கும் முறையை அறிவேன். கயிறு நாயின் மார்பையோ குழந்தையின் காலையோ குறுக்கே கடக்கும்போதுதான் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடுகிறது. கயிற்றை எந்தப் பக்கமாக, எவ்வளவு தொலைவிலிருந்து பிடிக்கச் சொல்வது? குறுகிய தலை என்பதால் சாதாரணப் பட்டை நழுவுகிறது. இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகி, தலை வழியே நழுவாமல் பிடிக்கும் மார்ட்டிங்கேல் பட்டையைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், படத்தில் அது உறுத்துகிறதா என்பதையும் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.