பிட்காயின் கோருக்கு முதல் பேட்ச் அனுப்பும் முன்: அனுபவப் பகிர்வு

பிட்காயின் நெட்வொர்க்கை ஓட்டும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான பிட்காயின் கோருக்குப் புதிதாக வருகிறவர் கை வைக்கும் முதல் இடம் ஏதாவது கமெண்டில் இருக்கும் எழுத்துப்பிழைதான். அதற்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) போடுவார், அதை மூடிவிடுவார்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அங்கே கோடுக்குப் பஞ்சம் கிடையாது, படித்துப் பார்க்கும் ஆளுக்குத்தான் பஞ்சம். அதனால் அடுத்தவர் போட்ட பேட்சை (கோடு மாற்றத்தை) இறக்கி, கம்பைல் செய்து, உடைத்துப் பார்ப்பதில் தொடங்குங்கள்.

29ஆம் பதிப்பிலிருந்து, கம்பைல் வேலையை அமைத்துத் தந்த ஆட்டோடூல்ஸ் போய் சிமேக் வந்துவிட்டது. கன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை மூடிவையுங்கள். ரேம் குறைந்தது 1.5 ஜிபி காலியாக இருக்க வேண்டும். சின்ன மெஷினில் எட்டு ஜாபை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் கம்பைலர் பாதியில் செத்து விழும். அது கோடின் தவறல்ல, மெமரி போதவில்லை. ஜாபை ஒன்றாகக் குறைத்தால் போதும். முன்பு கம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் சிசிகேஷ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிராஞ்ச் மாற்றும்போதெல்லாம் ஏறக்குறைய முதலிலிருந்து கம்பைல் ஆகும்.

டெஸ்ட் பாதியில் விழுந்தால் பிட்காயின்டி (நோடை ஓட்டும் புரோகிராம்) பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கலாம். அடுத்த முறை ஓட்டும்போது போர்ட் மோதும். எல்லா பிட்காயின்டியையும் கில் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

*

மேலே கடைசியாகச் சொன்னதில் ஒரு எச்சரிக்கை. அதே மெஷினில் உங்கள் நிஜ நோடும் ஓடினால் அதுவும் சேர்ந்து செத்துவிடும். பிராசஸ் ஐடியைப் பார்த்து, டெஸ்டுக்கான டேட்டா டைரக்டரியைக் காட்டுவதை மட்டும் நிறுத்துங்கள்.

உங்கள் மெஷினுக்குள்ளேயே ஓடும் சோதனை நெட்வொர்க்கான ரெக்டெஸ்டில் எல்லோரும் இடறும் இடம்: ஒரு பிளாக் மைன் செய்துவிட்டு பேலன்ஸ் பார்த்தால் 0. காயின்பேஸ் (பிளாக்கை மைன் செய்ததற்கான வெகுமதி) முதிர 100 பிளாக் வேண்டும். 101 மைன் செய்தால்தான் முதல் பிளாக்கின் 50 காயின் செலவழிக்கக் கிடைக்கும். இன்னொன்று, நிஜ நெட்வொர்க்கான மெயின்நெட்டில் 2,10,000 பிளாக்குக்கு ஒருமுறை நடக்கும் வெகுமதிப் பாதியாக்கல் ரெக்டெஸ்டில் 150 பிளாக்குக்கே நடந்துவிடும். லூப்பில் 300 பிளாக் மைன் செய்துவிட்டு, எல்லாவற்றையும் 50ஆல் பெருக்கிக் கணக்கு பார்த்தால் உதைக்கத்தான் செய்யும்.

பைத்தான் டெஸ்டில் தொகையை ஃப்ளோட்டில் வைக்கவே வைக்காதீர்கள், டெசிமல்தான். 0.1ஐயும் 0.2ஐயும் ஃப்ளோட்டில் கூட்டினால் 0.3க்குச் சமம் ஆகாது. சி++ பக்கம் எல்லாமே சடோஷியில், முழு எண்ணாக இருக்கும். ஒரு காயின் 10 கோடி சடோஷி.

நோடு மெசேஜை வாங்கட்டும் என்று இரண்டு வினாடி ஸ்லீப் போடுவது இன்னொரு வியாதி. உங்கள் லேப்டாப்பில் பச்சை காட்டும், சிஐயில் (டெஸ்டைத் தானாக ஓட்டும் சர்வரில்) பத்துக்கு ஒருமுறை சிவப்பு. வெயிட் அன்டில் போட்டு, நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருக்கச் செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து நடக்க வேண்டியதைச் சோதிக்க, நோடின் கடிகாரத்தை மாற்றிவைக்கும் செட்மாக்டைம் இருக்கிறது.

*

ரிவியூ பற்றி. வெறுமனே "நல்லா இருக்கு" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. யோசனை மட்டும் சரி என்றால் "கான்செப்ட் ஆக்" (ACK, அதாவது சம்மதம்). கோடை முழுதும் படித்துச் சோதித்துவிட்டீர்கள் என்றால் வெறும் "ஆக்", பக்கத்திலேயே கமிட்டின் ஹாஷ் (அந்தக் கோடு நிலையின் அடையாள எண்). ஹாஷ் எதற்கு? ஆசிரியர் அதன்பின் ஒரு வரியை மாற்றி ஃபோர்ஸ் புஷ் செய்தாலும் உங்கள் சம்மதம் பழைய கோடுக்கு மட்டுமே நிற்கும். புதியதைப் பார்க்கும்போது ரேஞ்ச் டிஃப் ஓட்டினால் மாறியது மட்டும் தெரியும், மொத்தத்தையும் மறுபடி படிக்க வேண்டாம்.

சோதிக்க எளிய வழி, கோடை வேண்டுமென்றே கெடுப்பது. பேட்ச் ஒரு வரம்பைச் சேர்க்கிறது என்று வையுங்கள். "அதைவிடக் குறைவு" என்ற குறியை "குறைவு அல்லது சமம்" என்று மாற்றிக் கம்பைல் செய்து, அதோடு வந்த டெஸ்டை ஓட்டுங்கள். இன்னும் பச்சை காட்டினால் அந்த டெஸ்ட் எல்லையைத் தொடவே இல்லை. மாற்றிய வரியையும் ஓட்டிய டெஸ்டின் பெயரையும் ரிவியூவில் எழுதுங்கள். ஸ்டைல் பற்றிய பத்து நிட்டைவிட (சில்லறைக் குறிப்பைவிட) இந்த ஒன்று மதிப்பு.

*

சொந்தப் பேட்ச் அனுப்பும்போது: கமிட்டின் தலைப்பு 50 எழுத்துக்குள், முன்னால் வாலட், டெஸ்ட், ஆர்பிசி என்று பகுதியின் பெயர், ஒரு வரி இடைவெளி, பிறகு ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கம். என்ன மாற்றினீர்கள் என்பது டிஃபிலேயே தெரிகிறது. ஒவ்வொரு கமிட்டும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும், டெஸ்டும் தேற வேண்டும். ரிவியூவில் சொன்னதைத் திருத்த "ஃபிக்ஸ் 2" என்று கமிட்டை அடுக்காதீர்கள், பழையதோடு ஸ்குவாஷ் செய்து ஒன்றாக்குங்கள். மாஸ்டரை உங்கள் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்யவும் கூடாது, உங்கள் கமிட்டுகளைப் புதிய மாஸ்டரின் மேல் எடுத்து வைக்கும் ரீபேஸ்தான். ட்ராட்பாட் என்ற தானியங்கி "நீட்ஸ் ரீபேஸ்" லேபிள் ஒட்டிய பிறகு சும்மா விட்டால் ரிவியூவர்கள் வேறு பேட்சுக்குப் போய்விடுவார்கள்.

ஜியுஐ (திரையில் தெரியும் பகுதி) மாற்றங்களுக்குத் தனி ரெபாசிட்டரி. மொழிபெயர்ப்பு டிரான்ஸிஃபெக்ஸ் என்ற தளம் வழியாக மட்டும். தமிழ்க் கோப்பை நேராகத் திருத்தி அனுப்பினால் அடுத்த சிங்க் அதை அழித்துவிடும்.

எந்த பிளாக் செல்லும் என்று தீர்மானிக்கும் கன்சென்சஸ் கோடில் "சும்மா சுத்தப்படுத்தினேன்" என்று போகாதீர்கள். ஒரே இன்புட் (செலவழிக்கப்படும் காயின்) டிரான்சாக்ஷனில் இருமுறை வருகிறதா என்ற சோதனையை, பிளாக்கைச் சரிபார்க்கும்போது தேவையற்றது என்று கருதி வேகத்துக்காக 0.14 பதிப்பில் தவிர்த்தார்கள். 0.15 முதல் அதே ஓட்டை, மைனர் ஒருவர் இல்லாத காயினை உருவாக்கிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. 2018 செப்டம்பரில் 0.16.3 வந்துதான் அடைத்தது. இந்த மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் பொதுவில் இஷ்யூ திறக்க வேண்டாம். செக்யூரிட்டி கோப்பில் இருக்கும் மின்னஞ்சலுக்கு, அங்கேயே தந்திருக்கும் சாவியால் என்கிரிப்ட் செய்து அனுப்புங்கள்.